பாரிஸில் பொழுது சாய்ந்தால் கோவையில் விளக்கு எரியும்

டிசம்பர் மாதம், இரவு எட்டு மணி இருக்கும். வாட்ச்மேன் அண்ணனிடமிருந்து போன். "ஏனுங்க தம்பி, நீங்க மாட்டிட்டுப் போன பொட்டி லைட்டே போட மாட்டேங்குதுங்க. பசங்க சைக்கிள் ஓட்டற பக்கமெல்லாம் கும்மிருட்டா இருக்குது."

பொழுது சாய்ந்ததும் விளக்கைத் தானாகப் போட்டு, விடிந்ததும் அணைக்க ஒரு குடியிருப்பில் நான் மாட்டிய பெட்டி அது. பெட்டியில் ஒரு பட்டன் இருக்கும், ஒரு தடவை அமுக்குங்கள் என்றேன். எரிந்தது. டைமரில் ஏதோ டிக் போட மறந்திருப்பேன், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். மறுநாள் வேறு இடத்தில் பேனல் போர்டு வேலை. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மறுபடி போன். "இப்ப அணையவே மாட்டேங்குதுங்க. பட்டப்பகல்ல எரியுது. பட்டனத் தொட எனக்குப் பயமுங்க, நேத்து நீங்க சொன்னதாலதான் தொட்டேன். கரண்ட் பில்லு யாரு கட்டறதுன்னு செகரெட்டரி கேக்கறாரு."

நான் போய்ச் சேர்வதற்குள் விளக்கு அணைந்திருந்தது. யாரும் தொடவில்லையாம், ஒரு மணிக்குச் சற்றுப் பிறகு தானாகவே அணைந்ததாம். சரி, என்னதான் நடக்கிறது என்று அன்று மாலை வாட்ச்மேன் நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. ஏழு, எட்டு, ஒன்பது. கொசு பிடுங்கி எடுத்தது. 9:24-க்குப் பெட்டிக்குள் ரிலே (கரண்டில் இயங்கும் ஸ்விட்ச்) 'டக்' என்றது, காம்பவுண்டு முழுக்க வெளிச்சம்.

லேப்டாப்பைத் திறந்து அந்தப் பெட்டியின் கன்சோலில் (கட்டளை அடிக்கும் பக்கத்தில்) 'ஸ்டேட்டஸ் 7' என்று அடித்தேன். கடிகாரம் நிமிடம் பிசகாமல் இந்திய நேரம் காட்டியது. அதற்கடுத்த வரிகளில் இருந்தது விஷயம். சூரிய உதயம் மதியம் 1:08. அஸ்தமனம் இரவு 9:24.

இப்படி ஒரு ஊர் எங்கே இருக்கிறது என்று தலையைச் சொறிந்துவிட்டு, 'லாட்டிட்யூட்', 'லாங்கிட்யூட்' இரண்டையும் கேட்டேன். 48.858360, 2.294442. மேப்பில் போட்டுப் பார்த்தால் ஐஃபில் கோபுரம். பாரிஸில் டிசம்பர் நடுவில் மாலை ஐந்துக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அந்த நொடி நமக்கு இரவு 9:24. அங்கே விடிவது காலை எட்டரைக்கு மேல், நமக்கு மதியம் ஒரு மணி தாண்டி. பெட்டி தன் வேலையைத் துல்லியமாகவே செய்திருக்கிறது. அது பார்த்துக்கொண்டிருந்த சூரியன்தான் வேறு ஊருடையது.

இந்தப் பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. என் தொழில் மோட்டார் ஸ்டார்ட்டர், பேனல் போர்டு சர்வீஸ். நாலைந்து வருஷமாக, வைஃபையில் வேலை செய்யும் சின்ன ரிலே பெட்டிகளும் செய்து மாட்டுகிறேன். உள்ளே இருப்பது ஈஎஸ்பி8266 என்ற மைக்ரோகண்ட்ரோலர். அதில் ஓடுவது டாஸ்மோட்டா என்ற திறந்த மூல ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள் ஓடும் மென்பொருள். நெதர்லாந்தைச் சேர்ந்த தியோ ஆரெண்ட்ஸ் தொடங்கியது. அவர் பெயர், சோனாஃப் (ரிலே பெட்டி பிராண்டு), எம்க்யூடிடி (பெட்டிகள் சேதி பேசிக்கொள்ளும் முறை), ஓடிஏ (வயர் இல்லாமல் வைஃபை வழியாகவே ஃபர்ம்வேர் ஏற்றுவது) என்று நாலையும் வெட்டி ஒட்டினால் டாஸ்மோட்டா. மோட்டாருக்குக் கட்டும்போது இந்த ரிலே காண்டாக்டர் என்ற பெரிய ஸ்விட்சின் காயிலை மட்டும்தான் இயக்கும்; மோட்டாரின் கரண்டை நேராக இந்தக் குட்டி ரிலே வழியாக விடாதீர்கள், காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். இந்தக் குடியிருப்பில் மொத்தம் ஒன்பது பெட்டிகள், நாலு மோட்டாருக்கு, ஐந்து விளக்குகளுக்கு. எல்லாம் செகரெட்டரி அறையில் உள்ள ஒரு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டருடன் பேசும்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு பெட்டியின் வெப் பக்கத்திலும் உட்கார்ந்து வைஃபை பெயர், பாஸ்வேர்டு, நேரம், பெயர் என்று கையால் அடித்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்கு இருபது நிமிடம் போகும். எண்ணிக்கை கூடியதும் சோர்ந்துபோய், நமக்கு வேண்டியதையெல்லாம் டீஃபால்டாக (வேறு சொல்லாதவரை பெட்டி தானே எடுத்துக்கொள்ளும் மதிப்பாக) வைத்து, மூல நிரலிலிருந்து ஃபர்ம்வேரை நாமே கம்பைல் செய்துவிடலாம் என்று இறங்கினேன். இதில் வரும் பெயர்களையெல்லாம் ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். ஃபைலில் தேடும்போது ஆங்கிலத்தில் தேடிக்கொள்ளுங்கள்.

டாஸ்மோட்டாவின் டீஃபால்டுகளில் பெரும்பாலானவை 'மை_யூசர்_கான்ஃபிக்' என்ற ஹெடர் ஃபைலில் (கம்பைல் செய்யும்போது படிக்கப்படும் அமைப்பு ஃபைலில்) இருக்கின்றன. அதில் நேர வரி 1 என்று இருக்கும், பக்கத்துக் குறிப்பில் ஆம்ஸ்டர்டாம் என்று. சமைத்தவர் வீட்டு உப்புதானே குழம்பில் இருக்கும்! அதை மட்டும் நான் சரியாகப் பார்த்து மாற்றிவிட்டேன். நமக்கு உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் கூடுதல். 5 என்று போட்டால் அரை மணி பின்தங்கும், அதனால் நிமிடக் கணக்கில் 330 என்று போட வேண்டும். கடிகாரம் சரியாகிவிட்டது, இனி எல்லாம் சரி என்று நம்பிவிட்டேன். நாலு வரி தள்ளி இருந்த அட்சரேகை, தீர்க்கரேகை கண்ணில் படவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. நேரத்தையும் மாற்றாமல் விட்டிருந்தால் அஸ்தமனம் 16:54 என்று காட்டியிருக்கும். விளக்கு எரியும் நொடி என்னவோ அதே நம்மூர் 9:24-தான். ஆனால் 16:54 என்பது பார்க்க நியாயமான அஸ்தமன நேரம்போலவே தெரியும், ஒரு வாரம் தேடினாலும் பிடிபட்டிருக்காது. பாதி டீஃபால்டை நம்மூருக்கு மாற்றியதால்தான் மீதிப் பாதி காட்டிக்கொடுத்தது.

சரி, ஹெடரில் 11.0168, 76.9558 என்று கோவையைப் போட்டேன். கம்பைல் செய்து, அந்தப் பெட்டிக்கு ஓடிஏ வழியாக ஏற்றினேன். மறுபடி 'லாட்டிட்யூட்' கேட்டால் அதே 48.858360. கம்பைல் சரியாகவில்லையோ என்று பழையதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். அதே பாரிஸ். மூன்றாவது முறை ஏற்றும்போது மணி பதினொன்றரை.

அன்றைக்குத்தான் இதன் அடிப்படையே விளங்கியது. கம்பைல் செய்யும் டீஃபால்டு கல்லில் செதுக்கியது மாதிரி. பெட்டி முதன்முதலாகக் கண் விழிக்கும்போது கல்லில் உள்ளதையெல்லாம் பார்த்து, தன் ஃப்ளாஷ் நினைவகம் என்ற சிலேட்டில் எழுதிக்கொள்ளும். அதற்கப்புறம் அது படிப்பது சிலேட்டை மட்டும்தான். நாம் எத்தனை முறை புதிய கல்லைக் கொண்டுவந்து வைத்தாலும், சிலேட்டில் எழுத்து இருக்கும்வரை கல்லை அது திரும்பிப் பார்க்காது. பாரிஸ் சிலேட்டில் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

திரும்பிப் பார்க்க வைக்க ஒரு வழி உண்டு. ஹெடரின் மேல்பகுதியில் 'சிஎஃப்ஜி_ஹோல்டர்' என்று ஓர் எண் இருக்கிறது, 4617. பெட்டி எழும்போது சிலேட்டில் உள்ள எண்ணும் ஃபர்ம்வேரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்கும். வேறாக இருந்தால் சிலேட்டை முழுக்க அழித்துவிட்டுக் கல்லிலிருந்து மறுபடி எழுதும். முழுக்க என்பதை இங்கே அழுத்திப் படியுங்கள். நான் அழுத்திப் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. எண்ணை 4701 ஆக்கி, ஒன்பது பெட்டிகளுக்கும் ஒரே மூச்சில் ஏற்றினேன். ஒன்பதும் சமர்த்தாக வைஃபையில் திரும்பி வந்தன, வைஃபை விவரம் கல்லிலேயே இருந்ததால். அஸ்தமனம் மாலை ஆறு மணி என்று காட்டியது. அப்பாடா என்று டீ சொன்னேன். அப்புறம் ஏ பிளாக் மோட்டாரைப் போட்டுப் பார்க்கலாம் என்று போனில் தட்டினேன். அசையவில்லை. ஓஹோ, சிலேட்டு அழிந்ததில் இதன் எம்க்யூடிடி டாபிக்கும் (சேதி எந்தப் பெட்டிக்கு என்று காட்டும் பெயர்) டீஃபால்டுக்குப் போயிருக்கும் என்று புரிந்தது. டீஃபால்டு டாபிக் என்ன? எப்போதோ ஹெடரில் நானே 'மோட்டார்' என்று எழுதியிருந்தேன். எப்படியும் மாட்டும் இடத்தில் ஒவ்வொன்றையும் கையால் மாற்றிவிடுவேன் என்பதால் அது யாரையும் தொந்தரவு செய்ததில்லை. 'மோட்டார்' என்ற டாபிக்குக்கு ஆன் என்று அனுப்பினேன்.

நாலு பிளாக்கிலிருந்தும் காண்டாக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நாலு மோட்டாரும் ஓடுகின்றன. பகல் பத்து மணிக்கு ஐந்து விளக்குகளும் எரிகின்றன. ஒன்பது பெட்டிக்கும் ஒரே பெயர் வைத்தால், ஒருவனைக் கூப்பிட்டதும் ஒன்பது பேரும் ஓடி வராமல் என்ன செய்வார்கள்? சி பிளாக்கின் மேல்தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது. நான் ஆஃப் அனுப்புவதற்குள் மூன்றாம் மாடி அம்மா துணி காயப்போட்டிருந்த பக்கம் அருவி கொட்டியது. சிறுவாணித் தண்ணீர் வேறு. அந்தம்மா என்னைத் திட்டியதில் நியாயம் இருந்தது.

அதிலிருந்து டீஃபால்டுகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. எல்லாப் பெட்டிக்கும் பொதுவானவை ஒன்று: ஊர், நேரம், வைஃபை, எம்க்யூடிடி சர்வர். அவற்றைக் கல்லில் செதுக்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியானவை இன்னொன்று: பெயர், டாபிக், எந்த டைமர். இவற்றுக்கு நிலையான மதிப்பு எதையும் கல்லில் வைக்கவே கூடாது. டாஸ்மோட்டாவின் அசல் டாபிக் டீஃபால்டில் சதவீதக் குறிக்குப் பின் 06எக்ஸ் என்று ஒரு வால் இருக்கும். அந்த இடத்தில் பெட்டி தன் மேக் முகவரியின் (ஒவ்வொரு சிப்புக்கும் உள்ள தனி அடையாள எண்) கடைசி ஆறு இலக்கங்களைப் போட்டுக்கொள்ளும், இரண்டு பெட்டிக்கு ஒரே பெயர் வராது. அழகாக இல்லையே என்று அதை எடுத்துவிட்டு 'மோட்டார்' என்று வைத்தது என் புத்திசாலித்தனம். இப்போது வாலைத் திரும்ப ஒட்டிவிட்டேன். எந்த மேக் எந்த பிளாக் என்ற பட்டியல் ராஸ்பெர்ரி பையில் இருக்கிறது. பெட்டி திரும்பி வந்ததும் அதற்குரிய பெயரையும் டைமரையும் அங்கிருந்து அனுப்பிவிடுவேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பெட்டிக்காக சிஎஃப்ஜி_ஹோல்டரைத் தொட வேண்டாம். அந்தப் பெட்டியின் கன்சோலில் 'ரீசெட் 4' அடித்தால் வைஃபையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கல்லிலிருந்து எழுதிக்கொள்ளும். 'ரீசெட் 6' என்றால் எம்க்யூடிடி விவரமும் தப்பும். 'ரீசெட் 1' என்றால் எதுவும் தப்பாது. பாரிஸ் மாதிரி ஒற்றை மதிப்புதான் பிரச்சினை என்றால் ரீசெட்டே வேண்டாம், 'லாட்டிட்யூட் 11.0168' என்று அடித்துவிட்டால் முடிந்தது. அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது அதைத்தான்.

மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். இது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே பெரியம்மா வீட்டில் நடந்தது, என் பையிலிருந்து காசும் போனது. பெரியம்மா காலை ஆறரைக்குப் போனில் மோட்டாரைப் போட்டிருக்கிறார். பத்து நிமிடத்தில் கரண்ட் போய்விட்டது. மோட்டாரும் நின்றுவிட்டது என்று அவர் பாட்டுக்கு மருதமலைக்குக் கிளம்பிவிட்டார். பத்தரைக்குக் கரண்ட் வந்தது. பெட்டி எழுந்தது. கரண்ட் போவதற்கு முன் நான் எப்படி இருந்தேன் என்று சிலேட்டைப் பார்த்தது. ஆன். உடனே மோட்டாரைப் போட்டுவிட்டது. மேல்தொட்டி நிறைந்து வழிந்து, சம்ப்பு காலியாகி, அதற்கப்புறமும் மோட்டார் காற்றைக் குடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. மதியம் பெரியம்மா வந்து பார்த்தபோது மோட்டார் கொதித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக்கல் சீல் போச்சு. "டேய், உன் மிஷினு தானாப் போட்டுக்குதுடா, பேய் பிடிச்சிருக்குதா?" என்று கேட்டார்.

பேயெல்லாம் இல்லை. 'பவர்ஆன்ஸ்டேட்' என்ற அமைப்பின் டீஃபால்டு 3. கடைசியாக இருந்த நிலைக்கே திரும்பு என்று அர்த்தம். 0 என்றால் கரண்ட் வந்ததும் அணைந்தே இரு, 1 என்றால் எரிந்தே இரு, 2 என்றால் கடைசி நிலைக்கு நேர்மாறாக மாறு. விளக்குக்கு 3 அருமையான டீஃபால்டு. இரவில் கரண்ட் போய் வந்தால் விளக்கு மறுபடி எரிய வேண்டும்தானே. ஆனால் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் தண்ணீர் மோட்டாருக்கு அதைவிட மோசமான டீஃபால்டு இருக்க முடியாது. மோட்டார் பெட்டிக்கு 0 தவிர வேறெதையும் நான் வைப்பதில்லை. யாராவது வந்து மறுபடி போடட்டும், அவசரம் ஒன்றுமில்லை.

இதனால்தான் விளக்குக்கும் மோட்டாருக்கும் ஒரே ஃபர்ம்வேர் போதும் என்ற ஆசையை விட்டேன். இப்போது இரண்டு தனி பில்டு, அதாவது தனித்தனியாகக் கம்பைல் செய்த ஃபர்ம்வேர். மோட்டார் பில்டில் 'பல்ஸ்டைம்' டீஃபால்டும் உண்டு: மறந்துபோனாலும் அரை மணியில் தானாக நின்றுவிடும். அதன் கணக்குக் கொஞ்சம் கிறுக்கு. 111 வரை போட்டால் பத்தில் ஒரு பங்கு விநாடிக் கணக்கு. 112-லிருந்து விநாடிக் கணக்கு, ஆனால் 100-ஐக் கூட்டிச் சொல்ல வேண்டும். அரை மணி என்பது 1800 விநாடி, போட வேண்டியது 1900. நான் முதலில் நிமிடம் என்று நினைத்து 30 போட்டேன். மோட்டார் மூன்று விநாடியில் நின்றது. நல்லவேளை, அது மேஜையிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்தது மழைக்காலம். காற்றடித்தால் எங்கள் பக்கம் லைன் விட்டு விட்டு வரும். ஐந்து விநாடி இருக்கும், போகும், மறுபடி வரும். அப்படி ஒரு இரவுக்கு மறுநாள் டி பிளாக் விளக்குப் பெட்டி தன் பெயரை மறந்திருந்தது. டைமர் ஒன்றுமில்லை. யாராவது பட்டனை நாற்பது விநாடி பிடித்திருப்பார்கள் என்று சந்தேகப்பட்டேன், அப்படிப் பிடித்தாலும் எல்லாம் டீஃபால்டுக்குப் போய்விடும். வாட்ச்மேன் அண்ணன் பட்டனைத் தொடுகிற ஆள் இல்லை என்பது நமக்குத் தெரியும். காரணம் 'செட்ஆப்ஷன்65'. ஒவ்வொரு முறையும் போட்ட பத்து விநாடிக்குள் அணைத்து அணைத்து ஏழாவது முறை போட்டால், உரிமையாளர் வைஃபை பாஸ்வேர்டை மறந்துவிட்டார் போலிருக்கிறது, உதவி கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு பெட்டி தன்னை டீஃபால்டுக்கு மாற்றிக்கொள்ளும். நல்லெண்ணத்தோடு வைத்த வசதிதான். கரண்ட் ஒழுங்காக இருக்கும் ஊரில் யாரும் வேண்டுமென்றே செய்தால் ஒழிய அப்படி நடக்காது. இங்கே காற்றும் மழையும் சேர்ந்து ஏழு வரை எண்ணிவிட்டன.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். எல்லாவற்றையும் மறந்த அந்தப் பெட்டி வைஃபையில் இருந்தது, நம் சர்வருடன் பேசிக்கொண்டிருந்தது, கோவைச் சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பட்டியலிலிருந்து பெயரையும் டைமரையும் அனுப்பினேன், இரண்டு நிமிட வேலை. டாஸ்மோட்டாவின் அசல் ஃபர்ம்வேரோடு இருந்திருந்தால் தன் பெயரில் ஒரு திறந்த வைஃபையைப் போட்டுக்கொண்டு யாராவது வரட்டும் என்று உட்கார்ந்திருக்கும்; ஏணி போட்டு ஏறியிருக்க வேண்டும். அதுவரை டீஃபால்டு என்றால் வேலை தொடங்கும்போது வைக்கும் மதிப்பு, அப்புறம் மாறிக்கொள்ளும் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் எல்லாம் அழிந்தபின் பெட்டியிடம் மிஞ்சுவது அதுதான். அப்படி நினைத்துப் பார்த்தால் ஒவ்வொரு வரிக்கும் கேட்க வேண்டிய கேள்வியே மாறிவிடுகிறது: இந்தப் பெட்டி நடு ராத்திரி, மழையில், ஆளில்லாமல் நினைவு தப்பினால் என்ன செய்ய வேண்டும்?

மோட்டார் பில்டில் செட்ஆப்ஷன்65-ஐ 1 ஆக்கி அந்த ஏழு எண்ணும் வசதியை நிறுத்திவிட்டேன். விளக்குகளில் விட்டுவைத்திருக்கிறேன். இரண்டையும், அதாவது பட்டன் ரீசெட்டையும் இதையும் சேர்த்து நிறுத்தாதீர்கள். சிலேட்டில் தப்பான வைஃபை பாஸ்வேர்டு ஏறிவிட்டால் பெட்டிக்குள் போக வழியே இருக்காது, கழற்றி, 3.3 வோல்ட் சீரியல் அடாப்டர் கட்டித்தான் ஏற்ற வேண்டும். அப்படிக் கட்டும்போது 230 வோல்ட் வயர் போர்டில் இருக்கவே கூடாது. சந்தேகமிருந்தால் இன்னொரு முறை பாருங்கள்.

செகரெட்டரி கதை சின்னது. வெப் பக்கத்தில் அப்கிரேடு என்று ஒரு பட்டன் இருக்கிறதே, நல்லதுதானே என்று அமுக்கிவிட்டார். ஓடிஏ முகவரியின் டீஃபால்டு டாஸ்மோட்டாவின் சொந்த சர்வர். அங்கிருந்து அசல் ஃபர்ம்வேர் இறங்கியது. அதில் ஹோல்டர் எண் 4617, என் சிலேட்டில் 4701. எண் வேறு, எனவே சிலேட்டு அழிப்பு. கல்லோ இப்போது அவர்கள் கல். வைஃபை போச்சு, ஏணிதான். நான் எண்ணை மாற்றியதன் பக்க விளைவு இது என்று உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. இப்போது ஓடிஏ முகவரி ராஸ்பெர்ரி பையைக் காட்டுகிறது, வெப் பக்கத்துக்குப் பாஸ்வேர்டும் டீஃபால்டிலேயே இருக்கிறது. ஒரு எம்பி ஃப்ளாஷ் உள்ள பெட்டிகளில் முழு ஃபர்ம்வேரை ஒரேயடியாக ஏற்ற இடம் போதாது, முதலில் மினிமல் என்ற சின்னது ஏறி, அதன் முதுகில்தான் பெரியது ஏறும். அதனால் நம் சர்வரில் மினிமல் ஃபைலையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். வைக்காமல் ஒரு மாலை வீணானது.

ஃபைல் எழுதும் முறையிலும் ஒரு பாடம் கற்றேன். மை_யூசர்_கான்ஃபிக் ஃபைலையே திருத்தினால் அடுத்த வெர்ஷன் வந்ததும் உங்கள் மாற்றமெல்லாம் அடித்துக்கொண்டு போகும். அதற்காகவே 'யூசர்_கான்ஃபிக்_ஓவர்ரைடு' என்று தனி ஹெடர் வைத்துக்கொள்ளலாம், மாதிரி ஃபைல் கூடவே வருகிறது. அதில் ஒவ்வொரு அமைப்புக்கும் முதலில் 'அன்டெஃப்' (பழைய மதிப்பை எடு), அடுத்து 'டிஃபைன்' (புதியதை வை) என்று ஜோடியாக எழுதச் சொல்வார்கள். எதற்கு இரண்டு வரி என்று நான் டிஃபைன் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் லாட்டிட்யூட் என்பதில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டேன். கம்பைலர் வாயே திறக்கவில்லை. அதைப் பொறுத்தவரை யாரோ புதிதாக ஒரு பெயரை உருவாக்கியிருக்கிறார், யாரும் பயன்படுத்தவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். பழைய பெயர் பழைய மதிப்போடு அப்படியே இருக்கும், மறுபடி பாரிஸ். ஜோடியாக எழுதியிருந்தால் அன்டெஃப் பழையதை எடுத்துவிட்டிருக்கும், டிஃபைனில் எழுத்து பிசகியதும் அந்தப் பெயரே இல்லை என்று கம்பைல் அங்கேயே நின்றிருக்கும். இரண்டு வரியிலும் ஒரே பிழையை நகலெடுத்து ஒட்டினால் மட்டும் தப்பித்துவிடும். அதையும் ஒருமுறை செய்திருக்கிறேன்.

எல்லா அமைப்புக்கும் தனி டிஃபைன் கிடையாது. அப்படிப்பட்டவற்றுக்கு 'யூசர்_பேக்லாக்' இருக்கிறது. கன்சோலில் அடிக்கும் கட்டளைகளையே அரைப்புள்ளி போட்டு வரிசையாக அதில் எழுதிவிட்டால், சிலேட்டு புதிதாக எழுதப்படும்போதெல்லாம் பெட்டி தானே அவற்றை ஓட்டிக்கொள்ளும். பல டிஃபைன்களின் பெயரைத் தேடி அலைவதைவிட இது சுலபம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தாலும் என்ன செய்திருக்கிறேன் என்று புரிகிறது.

இன்னொரு எச்சரிக்கை. கல்லில் வைஃபை பாஸ்வேர்டைச் செதுக்கினால், கம்பைல் செய்து கிடைக்கும் 'பின்' (.bin) ஃபைலைத் திறந்து எழுத்துகளைத் தேடுபவர் கையில் பாஸ்வேர்டு அப்படியே கிடைக்கும். நான் ஒரு நண்பனுக்கு, சும்மா போட்டுப் பாருடா என்று வாட்ஸ்அப்பில் பின் ஃபைலை அனுப்பியிருக்கிறேன். ஒரு குடியிருப்பின் வைஃபை சாவியையே அனுப்பியிருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. அன்றே பாஸ்வேர்டை மாற்றினோம். இப்போது பெட்டிகளுக்கென்று தனி வைஃபை, அதில் வேறெதுவும் கிடையாது.

மாட்டுவதற்கு முன் மேஜையில் ஒரு சடங்கு இருக்கிறது. ஒரு ஹோல்டர், அதில் 40 வாட் குண்டு பல்பு. சிப்பின் ஃப்ளாஷை முழுக்க அழித்துவிட்டுப் புதிய பில்டை ஏற்றுவேன். அப்புறம் சீரியல் அடாப்டரைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியை மூடி மெயினில் கொடுப்பேன். வெப் பக்கத்தைத் திறக்க மாட்டேன், எதையும் அடிக்க மாட்டேன். தானாக வைஃபைக்கு வருகிறதா, என்ன பெயரில் வருகிறது, ஸ்டேட்டஸ் 7-ல் அஸ்தமனம் ஆறு மணிவாக்கில் இருக்கிறதா என்று ராஸ்பெர்ரி பையிலிருந்தே பார்ப்பேன். பல்பைப் போட்டுவிட்டு பிளக்கைப் பிடுங்கி, பத்து வரை எண்ணி மறுபடி சொருகுவேன். மோட்டார் பில்டென்றால் பல்பு எரியவே கூடாது. பிறகு ரீசெட் 1 அடித்து எல்லாவற்றையும் இன்னொரு முறை. கடைசியாக ஸ்விட்சை ஏழு தடவை டக் டக் என்று போட்டு அணைப்பேன். என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, குழந்தை ஸ்விட்சில் விளையாடினால் அதட்டுகிறாய், நீ மட்டும் என்ன என்று கேட்டாள்.

அந்தக் குடியிருப்பில் இப்போது பதினொரு பெட்டிகள். ஒவ்வொன்றின் மூடிக்கு உள்பக்கம் மார்க்கரில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறேன்: மேக்கின் கடைசி ஆறு இலக்கம், மோட்டாரா விளக்கா, ஹோல்டர் எண். போன வாரம் இ பிளாக்கில் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டு இறங்கியபோது மணி ஐந்தே முக்கால். வாட்ச்மேன் அண்ணன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து விளக்குக் கம்பத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க போங்க தம்பி, எரியுதான்னு நான் பாத்துச் சொல்றனுங்க" என்றார். நானும் கிளம்பவில்லை.